வலிக்கவில்லை என்பான்

எங்கள் அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை பயிற்சி வகுப்பு என்று ஒன்று வைப்பார்கள். கோப்பு தள்ளுகிறவர்களை எல்லாம் ஒரு ஹாலில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு பேனாவும் ஒரு சமோசாவும் கொடுத்து, வெளியிலிருந்து யாராவது ஒருவரைக் கூட்டி வந்து நம்மைத் திருத்துவார்கள். அந்த வருஷம் வந்தவர் கோட்டும் டையுமாக இருந்தார். கமாண்டோ வீரர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை என்று தலைப்பு. திரையில் முகத்துக்கு மை பூசிய பையன்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள்.

"உடம்பு பெரிய விஷயமே இல்லை. எல்லாம் இங்கே இருக்கிறது" என்று அவர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அவர்கள் தன்னிரக்கம் கொள்ள மாட்டார்களாம். நாளைக்கு என்ன என்று நினைக்க மாட்டார்களாம், இந்த ஒரு மணி நேரம்தான். தப்பு நடந்தால் அடுத்தவனைக் கை காட்ட மாட்டார்கள். வலி வந்தால் அது உடம்பிலிருந்து வருகிற ஒரு தகவல், அவ்வளவுதான். படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். எங்கள் ஆட்கள் படத்துக்குப் படம் கை தட்டினார்கள். தலைவலி என்று மத்தியானமே வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம் தட்டினார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சாபி அம்மாள் முழங்கையால் இடித்து, "தேரா பேட்டா!" என்றாள். உன் மகன்! ஆமாம், அந்தக் கூட்டத்தில் ஒருவனைப் பெற்றவள் நான். அப்போது அவன் வடக்கே எங்கேயோ மலையில் இருந்தான். எங்கே என்று கேட்கக் கூடாது, கேட்டாலும் சொல்ல மாட்டான். நானும் கை தட்டினேன். மற்றவர்களைவிடச் சத்தமாகவே தட்டினேன், பெருமைக்குப் பிறந்தவள் மாதிரி.

அப்புறம் ஒரு நாள், அவன் அந்தப் படைக்குத் திரும்பிப் போவதா வேண்டாமா என்பது என் சமையலறைக்கு வந்து, என் வாயில் வந்து நின்றது. அதைத்தான் சொல்லப் போகிறேன். அவனுக்குத் தமிழ் பேச்சோடு சரி. டெல்லி லக்ஷ்மிபாய் நகர் க்வார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளை. வீட்டில் நாங்கள் இருவரும் பேசுகிற திருநெல்வேலித் தமிழில் பாதியும் இந்தியில் பாதியுமாகப் பேசுவான். படிக்கச் சொன்னால் எழுத்து எழுத்தாகக் கூட்டுவான். அதனால் தைரியமாக எழுதலாம்.

சின்ன வயதில் அவனைப் போலப் பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காலனி டிஸ்பென்சரியில் ஊசி போட வேண்டுமென்றால் நான் காலைப் பிடிக்க, அவன் அப்பா கையைப் பிடிக்க, கம்பவுண்டர் தலையைப் பிடிக்க வேண்டும். விரலில் சிலாம்பு ஏறினால் எடுக்க விடாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். காது வலி வந்த ஒரு குளிர்காலத்தில் அவன் போட்ட கூப்பாட்டுக்கு மூன்று ப்ளாக் தள்ளி இருந்தவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். அந்தப் பிள்ளையை நான் எந்த இடத்தில் தொலைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது எனக்கு. அழாத பிள்ளையை என்ன செய்வது?

படைக்குப் போய் முதல் லீவில் வந்தபோது, தேர்வுக் காலம் எப்படி இருந்தது என்று அவன் அப்பா நச்சரித்துக் கேட்டார். அவர் ஓய்வு பெற்ற மனிதர். காலையில் பார்க்கில் சொல்வதற்கு அவருக்கு ஏதாவது வேண்டும். இவன் சிரித்துக்கொண்டே, "யானை மாதிரி இருந்தவன்லாம் போயிட்டாம்ப்பா. இன்னும் எத்தன நாள்னு எண்ணினவன் போயிட்டான். அடுத்த சாப்பாடு வரைக்கும் பாத்துக்கலாம்னு இருந்தவன் நின்னுட்டான்" என்றான். யாரும் யாரையும் விரட்டுவதில்லையாம். போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், உடனே டீ கொடுத்து வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்களாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதுதான் பரீட்சை. அவர் மறுநாள் பார்க்கில் இதைத் தானே போய்ப் பாஸ் செய்த மாதிரி சொல்லிவிட்டு வந்தார்.

காலனியில் வேறு, "பையனுக்கு என்ன ஊட்டினீங்க? ராகியா? பாதாமா?" என்று கேட்டு என் பிராணனை வாங்குவார்கள். நான் என்னத்தை ஊட்டினேன்! இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டு தின்ற பிள்ளை அது.

ஹோலி முடிந்த வாரம் லீவில் வந்திருந்தான். சனிக்கிழமை இரண்டு பேரும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனோம். இட்லி அரிசி, நல்லெண்ணெய், முருங்கைக்காய், ஒரு துண்டு வஞ்சிரம். எல்லாப் பையையும் அவனே தூக்கிக்கொண்டான். கார் வரைக்கும் வருவதற்குள் ஒரு தடவை நின்று, செருப்பு வாரைச் சரி செய்வது மாதிரி குனிந்தான். அவன் போட்டிருந்தது வார் இல்லாத செருப்பு. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மத்தியானம் மீன் குழம்பு வைத்தேன். அவன் பாதிச் சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்தான். கிடைக்கிறபோது தின்றுவிட வேண்டும், அடுத்தது எப்போது என்று தெரியாது என்று அவர்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். தட்டைக் கழுவவே வேண்டாம் என்கிற அளவுக்கு வழித்துத் தின்கிறவன் அவன்.

"என்னய்யா, குழம்பு நல்லால்லையா?"

"அரே, சூப்பர்மா. வயிறு ஃபுல்."

"மூஞ்சி ஏம்ல இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"வெயில்மா. ஒண்ணுமில்ல."

கொஞ்ச நேரத்தில் பாத்ரூமில் குழாய் முழுசாகத் திறந்து ஓடுகிற சத்தம் கேட்டது. வாந்தி எடுத்திருக்கிறான், நாங்கள் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்திருக்கிறான். வெளியே வந்தபோது முகம் கழுவி, தலை வாரி, ராஜா மாதிரி வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நெற்றியைத் தொட்டால் தோசைக்கல்லாகச் சுட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் வேண்டாம் என்றான். நீ வராவிட்டால் நான் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன் என்று சொல்லிச் சமையலறைக் கதவைச் சாத்தினேன். எத்தனை பெரிய கமாண்டோவாக இருந்தாலும் அதற்குப் பதில் கிடையாது. சிரித்துக்கொண்டே கார்ச் சாவியை எடுத்தான். ஆமாம், வயிற்றுக்குள் அதை வைத்துக்கொண்டு அவனேதான் ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் பின்னால் எடுத்து, கோடு தாண்டாமல் நிறுத்தினான்.

பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரி அது. எமர்ஜென்சியில் இருந்த டாக்டர் சின்னப் பையன், நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். "தர்த் கித்னா ஹை? வலி எவ்வளவு? ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள்" என்று கேட்டான்.

என் மகன் கொஞ்சம் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "தீன், சார்" என்றான். மூன்று.

டாக்டர் வயிற்றைப் பல இடத்தில் அமுக்கிப் பார்த்தான். வலது பக்கம் கீழே அமுக்கிச் சட்டென்று கையை எடுத்தான். எந்த மனிதனும் அந்த இடத்தில் துள்ளிவிடுவானாம். அதை வைத்துத்தான் அவர்கள் கண்டுபிடிப்பார்களாம். இவன் வயிற்றைத் தளர்த்திக் கொடுத்துவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். பரிசோதனைக்கு ஒத்துழைக்கிறானாம்! டாக்டர், வாயுவாகத்தான் இருக்கும் என்று ஒரு ஊசி எழுதினான். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ஸ்கேனுக்கு மத்தியானம் ஆகும், உட்காருங்கள் என்றார்கள்.

அடுத்த கட்டிலில் கல்லடைப்போடு ஒரு வியாபாரி. "தஸ்! தஸ் நஹீ, பீஸ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் சுவர் அதிர்ந்தது. பத்துக்குள் சொல்லச் சொன்னால் இருபது என்கிறார். அவரைச் சுற்றி நர்ஸ்கள், ஒரு பெரிய டாக்டர், நாலு உறவுக்காரர்கள். ஐயோ, என் பிள்ளைக்கு அந்த ஆளின் வாயில் பாதி இருக்கக் கூடாதா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. இன்னொருவன் வலியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது அன்றைக்குத்தான்.

டாக்டரைத் தனியாகப் பிடித்து, "இவன் பட்டாளத்துல இருக்கான், கமாண்டோ. வலிச்சாலும் சொல்ல மாட்டான்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்சினேன். "அவங்களுக்கெல்லாம் பழக்கம் ஆன்ட்டி, கவலைப்படாதீங்க" என்று அவன் எனக்குத் தேறுதல் சொன்னான். திரும்பி வந்து மகனைப் பார்த்தேன். கண்ணை மூடி, மூச்சை எண்ணி உள்ளே இழுத்து, எண்ணி நிறுத்தி, எண்ணி வெளியே விட்டுக்கொண்டிருந்தான். என் ரத்தக்கொதிப்புக்காக அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த மூச்சு அது. கைதிகளாகப் பிடிபட்டால் தாங்குவதற்கு அவர்களுக்குக் கற்றுத் தருவார்களாம். மறுபடியும் ஓடிப்போய், அவன் மூச்சு விடுகிற விதத்தைப் பாருங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "பஹுத் அச்சா, ரிலாக்ஸ் பண்றார்" என்றான்.

"ஏ, அவனப் போட்டு அரிக்காத. அவனே சும்மா இருக்கான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"சும்மா இருக்கான்னுதான் பயமா இருக்கு" என்றேன். யாருக்கும் புரியவில்லை. எனக்கே நான் பைத்தியக்காரி மாதிரித்தான் தெரிந்தேன்.

ஸ்கேனுக்குக் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் கண்ணைத் திறந்தான். "அம்மா, வலி போயிடுச்சு. சச்சி. நெஜம்மா போயிடுச்சு" என்று சொல்லிச் சிரித்தான். அவன் சிரிப்பு எனக்குத் தெரியாதா? அது பொய்ச் சிரிப்பு இல்லை. முகமே இளகிக் குழந்தையாகிவிட்டது. நான் மலை மந்திர் முருகனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர், "பாத்தியா, வாயுதான்" என்று டீ வாங்கப் போனார். நான் என் மகனின் தலையைத் தடவிக்கொண்டு, சாயங்காலம் ரசம் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

குடல்வால் வெடித்த நேரம் அதுதான். வீங்கி இறுகி இருந்தது உடைந்தவுடன் வலி கொஞ்ச நேரம் விட்டுப்போகுமாம். சீழ் வயிறு முழுக்கப் பரவின பிறகு மறுபடி பிடித்துக்கொள்ளுமாம். அவர் டீ கொண்டு வந்தபோது இவனுக்குப் பல் கிட்டித்துக் குளிர ஆரம்பித்திருந்தது. வயிறு பலகையாகிவிட்டது. பெரிய டாக்டர் ஓடி வந்தார், வியாபாரியை விட்டுவிட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், தள்ளிக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் என்னைப் பார்த்து அவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். கட்டை விரல்! எனக்கு அதைப் பிடித்து முறிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த சர்ஜன் களைத்துப் போயிருந்தார், கோபமாகவும் இருந்தார். "தொட்டால் துள்ள வேண்டிய இடத்தில் உங்கள் பையன் துள்ளவில்லை. எங்களை ஏமாற்றிவிட்டார்" என்றார். வேண்டுமென்றே ஏமாற்றினானா என்ன? வலிக்கிறது என்று சொல்வதற்கு மனசில் ஒரு இடம் வேண்டும். அதைத்தான் முதலில் எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதற்குத்தானே அந்த ஹாலில் நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்?

பிழைத்துக்கொண்டான். வயிற்றில் மேலிருந்து கீழ் வரை கிழித்துத் தைத்த தழும்போடு பட்டாள ஆஸ்பத்திரிக்கு மாற்றி, அங்கே பல நாள் வைத்திருந்து, ஓய்வு லீவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மெடிக்கல் போர்டு பார்த்து, முழுத் தகுதி என்று எழுதினால்தான் அவனுடைய படைக்குத் திரும்பலாம். இல்லையென்றால் மேஜை வேலை. பாரம் தூக்கக் கூடாது, விமானத்திலிருந்து குதிக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனுக்கு அந்த போர்டு ஒன்றுதான் நினைப்பு. முதலில் மாடிப்படி ஏறி இறங்கினான். அப்புறம் காலனியைச் சுற்றி நடந்தான். அப்புறம் முதுகுப்பையில் என் இட்லி அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு படி ஏறினான். அவனுடைய தொப்பியைக் கட்டிலில் படுத்தால் கண்ணில் படுகிற மாதிரி ஆணியில் மாட்டி வைத்திருந்தான். கூட்டாளிகள் போன் செய்தால் இந்தியில் கெட்ட வார்த்தை பேசிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எங்களோடு பேசும்போது வராது. எனக்குப் புரியாமல் இல்லை. அவன் உயிர் அங்கே இருந்தது, உடம்பு மட்டும் என்னிடம் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

விடிகாலையில் நான் காபி போட எழுந்தால் பாத்ரூமில் குழாய் ஓடும். ஒரு நாள் அவசரத்தில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து, வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு, வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றான். ஆபரேஷன் ஆன குடல் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழுக்குமாம், அது எனக்கு அப்புறம்தான் தெரியும். நான் சத்தம் போடாமல் திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். அரை மணியில் அவன் ஷேவ் செய்துகொண்டு வந்து, "குட் மார்னிங் அம்மா, பசிக்குது" என்றான். பல நாள் இப்படித்தான் நடந்தது. நீங்க போய்க் கேளுங்க என்று அவரைத் தள்ளினேன். "கேட்டா என்ன சொல்லப் போறான்? வலிக்கலம்பான்" என்றார். அன்றைக்கு அவர் பார்க்குக்குக்கூடப் போகவில்லை.

போர்டுக்கு முந்தின வாரம் அவன் சமையலறைக்கு வந்து மேடையில் ஏறி உட்கார்ந்தான். "அம்மா, நாளைக்கு எங்க யூனிட் டாக்டர் சார் வராரு. டெல்லிக்கு வேற வேலையா வந்திருக்காரு, நம்ம வீட்ல சாப்பிடச் சொல்லியிருக்கேன். போர்டுக்கு அவர்தான் ரிப்போர்ட் எழுதுவாரு."

"வரட்டும். தோசை போடட்டுமா, பூரியா?"

"தோசை. அம்மா..." என்று நிறுத்தினான். "அவர் உன்கிட்ட ஏதாவது கேட்டா, நல்லா சாப்பிடறான், நல்லா தூங்கறான், அவ்ளோதான் சொல்லும்மா. ப்ளீஸ். எனக்காக."

பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து அவன் என்னிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டதே கிடையாது. காபி வேண்டுமா என்றால்கூட, இருந்தால் கொடு என்பான். அப்படிப்பட்டவன் கேட்டான். நான் மாவைக் கலக்கிக்கொண்டே, "சரிய்யா" என்றேன். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான்.

டாக்டர் மறுநாள் வந்தார். ஹரியானாக்காரர், மேஜர், சின்ன வயதுதான். ஆன்ட்டிஜி ஆன்ட்டிஜி என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு தோசை தின்றார். தயிர் வேண்டும் என்று அவர் கேட்டதும் மகன் பால் பூத்துக்குக் கிளம்பினான். மார்க்கெட் வரை போக வேண்டிய வேலை என் வீட்டுக்காரருக்கும் ஏதோ வந்துவிட்டது. கதவு சாத்திய சத்தம் கேட்டதும் அந்த மேஜர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். தயிர் கேட்டது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் இந்தியில் சொன்னது இதுதான்: "ஆன்ட்டிஜி, ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியாது. போர்டில் அவனைக் கேட்பார்கள், ஒன்றுமில்லை என்பான். அந்த முகத்தை நாலு வருஷமாக எனக்குத் தெரியும். அவன் சொல்வதை என்னால் நம்பவும் முடியாது, பொய் என்று எழுதவும் முடியாது. பாரத்தோடு பனிமலையில் இருக்கும்போது குடல் முறுக்கிக்கொண்டால் நான் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஹெலிகாப்டர் வருவதற்குள் போய்விடுவான். அவனைச் சுமந்துகொண்டு மற்ற பையன்கள் இறங்க வேண்டும். நீங்கள் சொல்லுங்கள். வீட்டில் எப்படி இருக்கிறான்?"

அடுப்பில் தோசை கருகியது. நான் திருப்பவில்லை.

நல்லா சாப்பிடறான், நல்லா தூங்கறான். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் என் பிள்ளை சிரிப்பான். சொன்னால் என் பிள்ளை செத்தாலும் சாவான். இரண்டும் அவன்தானே, எந்தப் பிள்ளையை நான் எடுத்துக்கொள்வது? என் தலையில் கொண்டுவந்து இதைப் போட வேண்டுமா என்று அந்த மேஜர் மேல் கோபம் கோபமாக வந்தது. தோசை தின்ன வந்தவர் தின்றுவிட்டுப் போக வேண்டியதுதானே!

சொல்லிவிட்டேன். குழாயைத் திறந்து வைப்பது, துண்டைக் கடிப்பது, சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது, ராத்திரி தலையணையை வயிற்றுக்கு அண்டக்கொடுத்துக் குப்புறக் கிடப்பது, எல்லாவற்றையும் சொன்னேன். ஆரம்பித்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. சொல்லிக்கொண்டே அழுதேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து கேட்டார். "தாங்க்யூ ஆன்ட்டிஜி" என்றார். தயிர் வந்தது. அவர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

போர்டு முடிந்து அவன் சாயங்காலம் வந்தான். மேஜை வேலை என்று எழுதிவிட்டார்கள், டெல்லியிலேயே. இனி அந்தப் படை இல்லை. அப்பாவிடம் அதைச் செய்தி வாசிப்பது மாதிரி சொன்னான். கை கால் கழுவிவிட்டு சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தான். நான் காபி வைத்தேன்.

"பாத்ரூம் குழாய் பத்தி டாக்டர் சார்கிட்ட நீதான் சொன்னியாம்மா?"

"ஆமா. நாந்தான் சொன்னேன்."

"அச்சா" என்றான். ஒரு வாய் காபி குடித்தான். "சரிம்மா. நீ செஞ்சது கரெக்ட்தான். உன் இடத்துல நான் இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன்."

"ஏல, என்னயத் திட்டுல! கையில இருக்கறத என் மேல விட்டு எறி! நீ கேட்டதே ஒண்ணு, அதையும் நான் கெடுத்துட்டேன். திட்டேம்ல!"

"எதுக்கும்மா திட்டணும்?" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அந்தச் சின்ன டாக்டரைப் பார்த்து மூன்று என்று சொன்னபோது இருந்த அதே முகம். டாக்டருக்கும் போர்டுக்கும் காட்டுகிறதை இப்போது எனக்கும் காட்டினான். அறைக்குப் போனவன் தொப்பியை ஆணியிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, காபி டம்ளரைக் கழுவி வைக்க வந்தான்.

இன்னொரு தடவை அந்த மேஜர் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன். எனக்குப் பிள்ளை உயிரோடு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது அவன் தினமும் ஒன்பது மணிக்கு டிபன் டப்பாவோடு போகிறான், ஆறு மணிக்கு வருகிறான், மற்ற வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. காய்கறி வாங்கி வருகிறான். அப்பாவுக்குப் போனில் ரீசார்ஜ் செய்து கொடுக்கிறான். ஐ.என்.ஏ.யில் நல்ல வாழைப்பூ வந்திருந்தால் ஞாபகமாகக் கேட்டு எடுத்து வருகிறான். வயிற்று வலி இப்போது நிஜமாகவே குறைந்துவிட்டது, டாக்டர்களும் சொல்கிறார்கள். கூட்டாளிகளின் போன் வருவதில்லை. வந்தாலும் பால்கனிக்குப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறான்.

நேற்று சாயங்காலம் ஆபீஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, ஆணி மட்டும் இருக்கிற சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிய்யா இருக்க?" என்று கேட்டேன்.

"ஃபர்ஸ்ட் க்ளாஸ்மா" என்றான், சிரித்துக்கொண்டே.

பொய் என்று எனக்குத் தெரியும். போன தடவை ஓடிப்போய்ச் சொல்ல ஒரு டாக்டர் இருந்தார். இந்த வலியைக் கொடுத்தவள் நான். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?